இரண்டாம் இடத்துக்காரரின் கால்கள்

2067 செப்டம்பர் 25, தூத்துக்குடி அரங்கம். தென்கரைத் தளப்பந்து (பேஸ்பால்) லீகின் பருவம் அன்று மாலை முடிந்தது. அந்தப் பருவத்தில் அதிகத் தளங்களைத் திருடியவர் கிளாடியஸ் மச்சாடோ, அறுபத்தெட்டு. அடுத்தவர் இசக்கித்துரை, அறுபத்தேழு.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, ஆட்டம் உள்ள நாட்களில் இசக்கித்துரை அதே அரங்கின் கிழக்கு வாசல் வழியாக வருவார். கையில் மக்ரூன் பொட்டலம் இருக்கும். காவலாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இருக்கும் அமர்வறைக்குப் போவார். ஜன்னல் இல்லாத அறை. நடுவில் ஒரு சாய்வு நாற்காலி, சுவரோரம் ஒரு திரை, அதன் முன்னால் பரீதா. அறையின் பொறுப்பு அவளுடையது.

"பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களா அண்ணாச்சி? அப்புறம் அவசரம்னா நான்தான் தூக்கணும்."

"ஒன்னால தூக்க முடியாதுன்னுதான் காலையிலேருந்து காப்பிகூட குடிக்கல."

மக்ரூனை அவள் மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்வார். பரீதா அவருடைய முதுகுத்தண்டு நெடுக வட்டப் பட்டைகளை ஒட்டுவாள். கண்களைத் துணியால் கட்டுவாள். திரையில் விரலை வைத்து இழுப்பாள். பிறகு ஒரு குண்டூசியால் அவருடைய முழங்காலுக்குக் கீழே குத்துவாள்.

"தெரியுதா?"

"எது?"

"சரி, ஒண்ணுமில்ல. படுத்துக்கோங்க."

அதே நேரத்தில், மேலே உடைமாற்றும் அறையில் ஜெனிட்டா இடுப்பில் ஒரு மெல்லிய பட்டையைப் பூட்டிக்கொண்டிருப்பாள். பூட்டியதும் முதுகின் அடியில் ஒரு சூடு பரவும். யாரோ உள்ளங்கையை வைத்தது போன்ற சூடு. சங்குகள் அணியில் பட்டையோடு அவள் ஆடும் இரண்டாவது பருவம் அது. வயது இருபத்து மூன்று.

தளப்பந்தில் ஓட்டக்காரர் ஒரு தளத்தில் நின்று காத்திருப்பார். எறிபவர் மட்டையாளரை நோக்கிப் பந்தை எறியத் தொடங்கும்போது அவர் அடுத்த தளத்துக்கு ஓடலாம். காப்பாளர் பந்தைப் பிடித்து அந்தத் தளத்துக்குத் திருப்பி எறிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் தளம் அவருடையது. பிந்தினால் அவுட். ஆட்டத்தின் மொழியில் இதற்குத் திருட்டு என்று பெயர். கால் வேகத்தைவிட இதில் முக்கியமானது, எறிபவரின் உடல் எப்போது திரும்ப முடியாத இடத்தைத் தாண்டுகிறது என்று அறிவது. தோளில், இடுப்பில், குதிகாலில் எங்கோ அது தெரியும். அறிந்தவர்களால் அதை விளக்க முடியாது.

எழுபதுகளில் எறிபவர்கள் முன்கணிப்பிகளோடு பயிற்சி எடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கருவிகள் உடலில் அளக்க முடிந்த அறிகுறிகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டு அழித்தன; பழைய திருடர்களின் உடலுக்கு மட்டும் பிடிபடும் நுண்ணிய சில மிஞ்சின. சில ஆண்டுகளில் திருட்டு செத்துப்போனது. ஓட்டக்காரர்களும் கருவி கேட்டார்கள். களத்துக்குள் எந்தக் கணினியும் ஓட்டக்காரருக்கு உதவக்கூடாது என்று லீக் விதி எழுதியது. இன்னொரு மனித உடல் உதவக்கூடாது என்று யாரும் எழுதவில்லை.

அப்படி வந்ததுதான் தாளக்கடத்தி. எல்லோரும் அதை லிங்க் என்றார்கள். களத்தில் இருப்பவரின் கண்ணும் பாதமும் வாங்குவது நாற்காலியில் இருப்பவருக்குப் போகும். அவருடைய சிறுமூளை தரும் பதில் களத்தில் இருப்பவரின் கால்களுக்கு வரும். இரண்டு ஜோடிக் கால்களும் ஒரே பதிலைக் கேட்டால் இரண்டும் தடுமாறும். அதனால் நாற்காலியில் இருப்பவரின் கால்கள் ஆட்டம் முடியும்வரை அணைக்கப்படும். அவருக்கு அமர்வாளர் என்று பெயர். இணைப்பு முடிந்ததும் கால்கள் திரும்பிவிடும் என்றும், பின்விளைவு இல்லை என்றும் லீகின் மருத்துவர்கள் சான்று தந்திருந்தார்கள்.

திருட்டு உயிரோடு இருந்த கடைசி நல்ல பருவம் 2067 என்பதால், அணிகள் அந்தப் பருவத்தின் முன்னணித் திருடர்களைத் தேடிப் போயின. சிலர் இறந்திருந்தார்கள். முதலிடத்தில் இருந்த மச்சாடோ கதவைத் திறக்கவே இல்லை. இரண்டாம் இடத்தில் இருந்தவர், தேடி வந்தவர்கள் பேசி முடிக்கும் முன்பே சரி என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி ஒத்துக்கிட்டீங்க?" என்று முதல் பருவத்தில் ஜெனிட்டா கேட்டிருந்தாள்.

"மண்ணு தெரியுதுல்லா."

"புரியல."

"அந்த நாற்காலியில கெடக்கும்போது எங்காலு கட்டையாக் கெடக்கும். ஆனா நீ ஓடுனா எனக்கு மண்ணு தெரியும். ஈரமா, காஞ்சிருக்கா, ஒவ்வொரு எட்டும் தெரியும். சறுக்கிப் போய் விழுவியே, அப்ப தொடை எரியும் பாரு..." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஒனக்கு அதெல்லாம் சொன்னா வெளங்காது. நீ சின்னப்புள்ள, சும்மாவே ஓடுத."

அந்தப் பருவத்தில் ஆட்டம் முடிந்து அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கால்கள் திரும்பிவிடும். எழுந்து, காலை உதறி, "வாரேன்" என்று போவார்.

இசக்கித்துரைக்கு விளையாடிய காலத்திலேயே ஒரு பழக்கம் உண்டு. ஓடுவதற்கு முன் இடது குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டுவார். எதிரணிக்குக் காட்டிக்கொடுக்கும் என்று பயிற்சியாளர்கள் திட்டியும் விடமுடியவில்லை. பிறகு அது நடப்பதிலும் நிற்பதிலும் சேர்ந்துகொண்டது. ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது, மருந்துக் கடையில் நிற்கும்போது, டக் டக்.

2094 ஆகஸ்டில் ஒரு மாலை, ஆட்டம் முடிந்து அரங்கின் வெளியே டீக்கடையில் மூவரும் நின்றார்கள். இசக்கித்துரையை அன்று பரீதா கைப்பிடித்துத்தான் கூட்டி வந்திருந்தாள். கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டியபடி ஜெனிட்டாவின் காலைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன, அண்ணாச்சி வியாதி ஒட்டிக்கிட்டா?"

அவளுடைய இடது குதிகால் தட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டியது. இடுப்பில் பட்டை இல்லை; அதைக் கழற்றி வெகு நேரமாகியிருந்தது. வீட்டில் சமையல்கட்டில் நிற்கும்போது அம்மா இரண்டு மூன்று தடவை அதட்டியது நினைவுக்கு வந்தது. பிறகு அவள் இசக்கித்துரையின் கால்களைப் பார்த்தாள். இரண்டும் செருப்புக்குள் அசையாமல் இருந்தன.

"அண்ணாச்சி, நீங்க ஏன் தட்டல?"

"என்ன தட்டல?"

"குதிங்கால."

அவர் குனிந்து பார்த்தார். இடது குதிகாலைத் தூக்கினார். ஒரு முறை வைத்தார். இரண்டாவது தட்டு வரவில்லை. தாளம் எங்கே விழவேண்டும் என்று அந்தக் காலுக்குத் தெரியவில்லை. கோயில் வாசலில் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டவர் பார்ப்பதுபோல் அவர் தன் பாதத்தைப் பார்த்தார்.

"வயசாச்சுல்லா" என்று சிரித்தார். "விட்டுத்தள்ளு. டீ ஆறுது."

ஜெனிட்டா மறுநாள் பரீதாவைத் தனியாகப் பிடித்தாள்.

"பரீதாக்கா, இது போயிட்டுத் திரும்பி வருதா, இல்ல என்கிட்டயே தங்குதா?"

பரீதா திரையை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "கால் திரும்புற நேரம் கூடிக்கிட்டே போவுது. நீ ஒவ்வொரு தளம் எடுக்கும்போதும் கூடுது. சும்மா நின்னேன்னா கூடல."

"டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். வயசுன்னாங்க. மச்சாடோவுக்கும் அதே வயசுதான், பீச் ரோட்டுல தினமும் ஓடுறாருன்னேன். அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க."

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"உனக்கு முன்னாடியே தெரியும்."

அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஜெனிட்டா முதல் தளத்தில் ஆணி அடித்ததுபோல் நின்றாள். பயிற்சியாளர் கத்தினார். ரசிகர்கள் கூவினார்கள். இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் அமர்வறையிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. இசக்கித்துரை கண்கட்டை அவிழ்த்து மடியில் வைத்திருந்தார்.

"ஏட்டி, ரெண்டு ஆட்டமா நான் இங்க பொணம் மாதிரி கெடக்கேன். என்ன விசயம்?"

"ஒங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி."

"எங்காலு. நான் தாரேன். ஒனக்கென்ன வலிக்கு?"

"நாளைக்கு எந்திரிக்க முடியாமப் போனா?"

"எங்க போவணும் நான்? மக்ரூன் கடைக்கா? பையனுட்ட சொன்னா வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பான்." அவர் குரல் தணிந்தது. "கேளு. அறுவத்தேழுல கடைசி ஆட்டம். நான் முதல் தளத்துல நிக்கேன். ஒண்ணு எடுத்தா மச்சாடோவுக்குச் சமம். எறியுதவனோட இடுப்பு எனக்குக் கண்ணாடி மாதிரி தெரியுது. குதிங்காலத் தட்டிட்டேன். அப்பப் பாத்து பயிற்சியாளர் தொப்பியத் தொட்டாரு. நில்லுன்னு அர்த்தம். நின்னுட்டேன். அவுட்டாகியிருந்தாக்கூட மறந்திருப்பேன். நின்னத மறக்க முடியல."

அவள் அவர் மடியில் கிடந்த கண்கட்டைப் பார்த்தாள்.

"அந்த எட்டு எனக்கு வேணும். ஒன் காலுலயாவது வேணும். அவன் கணக்கத் தாண்டுற அந்த ஓட்டம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான். ஓடு."

அவள் ஓடினாள். அவர் சொன்னதற்காக ஓடினேன் என்று பரீதாவிடம் சொன்னாள். அது முழு உண்மையில்லை என்பது அவளுக்குத் தெரியும். லிங்க் வருவதற்கு முன் அவள் அணியில் இருப்பதே பலருக்குத் தெரியாது. இப்போது பேருந்தில் ஏறினால் இடம் விட்டு எழுந்தார்கள். நாற்காலியிலிருந்து வந்த அனுமதி அவளுக்கு வசதியாக இருந்தது. இரவுச் சாப்பாட்டில் அந்த எண்ணம் வந்து உட்காரும். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். மறுநாள் ஆட்டத்தில் எறிபவரின் தோள் சாயும்போது அந்த எண்ணம் இருக்காது. கால்கள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு முறை இரண்டாம் தளத்தில் மண்ணைத் தட்டி எழும்போதும், கீழே ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வாள். அது உண்மைதான். பரீதாவே சொல்லியிருக்கிறாள், அண்ணாச்சி கண்கட்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு கிடப்பார் என்று.

செப்டம்பர் கடைசியில் பருவத்தின் இறுதி ஆட்டம் வந்தபோது ஜெனிட்டாவின் கணக்கு அறுபத்தெட்டு, இன்னும் யாரும் தாண்டாத மச்சாடோவின் சாதனைக்குச் சமம். அதற்கு முந்தைய ஆட்டத்துக்குப் பிறகு, காவலாளி அரங்கைப் பூட்ட வரும்வரை இசக்கித்துரையால் எழ முடிந்திருக்கவில்லை.

அன்று காலை அவர் மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். புதுச்சட்டை போட்டிருந்தார். பொட்டலம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"இன்னைக்கு எல்லாருக்கும்" என்றார் பரீதாவிடம். "ஓடி முடிச்சப்புறம் பிரிப்போம். அதுக்கு முன்னாடி கைய வச்ச, பாத்துக்கோ."

சாதனைக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் மச்சாடோவை அணி அழைத்திருந்தது. வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். களத்துக்குப் போகும் நடையில் ஜெனிட்டா நின்றிருந்தபோது ஒருவர் படிகளில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கி வந்தார். வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர்.

"நீதானா அது?"

"ஆமாங்க."

"நான் ஏன் குடுக்கலன்னு எல்லாவனும் கேக்கான். பெரிய கொள்கையெல்லாம் கெடையாது மக்கா. பொறாமை. எங்காலப் போட்டு இன்னொருத்தர் ஓடுறதப் பாத்துக்கிட்டு இருக்க எனக்கு மனசு வராது." அவர் சுற்றிலும் பார்த்தார். "துரை எங்க? எப்படி இருக்கான்?"

"கீழ இருக்காரு. நல்லாருக்காரு."

மச்சாடோ அவளுடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். அவளுடைய இடது குதிகால் தட்டிக்கொண்டிருந்தது.

"அது அவன்லா" என்றார். திரும்பி மாடத்துக்குப் போனார்.

ஏழாவது சுற்றில் ஜெனிட்டா பந்தை அடித்து முதல் தளத்தை அடைந்தாள். அரங்கம் எழுந்து நின்றது. பயிற்சியாளர் காதைத் தொட்டார். ஓடு என்று அர்த்தம்.

ஓடாமல் நின்றால், அந்த மனிதர் இரண்டாம் முறை நிற்கவைக்கப்படுவார். லிங்கோடு ஓடினால், அவர் காலில் மிச்சம் இருப்பதும் போய்விடலாம். அவளுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. தன் சொந்தக் கால்களால் ஓடுவது. அவை எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். நிச்சயம் அவுட். ஆனால் ஓடியிருப்பாள். அவரிடம் போய், முயன்றேன், முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவருக்குக் கோபம் வரும். பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்து போவார்.

பட்டையின் ஓரத்தில், அமர்வாளருக்கு வலிப்பு வந்தால் அழுத்துவதற்காக ஒரு பொத்தான் உண்டு. சட்டையைச் சரிசெய்வதுபோல் அவள் அதை அழுத்தினாள். முதுகின் அடியில் இருந்த உள்ளங்கை விலகியது. அந்த இடம் குளிர்ந்தது.

எறிபவர் பந்தை மார்போடு சேர்த்துப் பிடித்தார். அவளுடைய இடது குதிகால் இரண்டு முறை தட்டியது.

எறிபவரின் இடுப்பு அவளுக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அவர் கை மேலெழுவதற்கு முன்பே அவள் பாதித் தூரம் போயிருந்தாள். சறுக்கி விழுந்து தளத்தைத் தொட்டபோது காப்பாளரின் பந்து இன்னும் காற்றில் இருந்தது. தளம் அவளுடையது என்று நடுவர் இரு கைகளையும் விரித்தார். அரங்கத்தின் இரைச்சலில் தரை அதிர்ந்தது. தொடை எரிந்தது. மண் காய்ந்திருந்தது. அவள் எழாமல் அங்கேயே கிடந்தாள். சக வீரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அழுகிறாள், சந்தோஷம் என்று வர்ணனையாளர் சொன்னார்.

ஆட்டம் முடியும்வரை அவளை விடவில்லை. முடிந்ததும், கையில் திணித்த சாதனைக் கோப்பையை யாரிடமோ கொடுத்துவிட்டுக் கீழே ஓடினாள். அமர்வறைக் கதவு திறந்திருந்தது. பரீதா பட்டைகளைக் கழற்றியிருந்தாள்; கையில் குண்டூசி இருந்தது. மேசையில் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. இசக்கித்துரை கண்களைக் கசக்கிக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"யாரு, ஜெனிட்டாவா? நடுவுல மேல என்ன அம்புட்டு சத்தம்? எவன் அடிச்சான்?"

ஜெனிட்டா பரீதாவைப் பார்த்தாள். பரீதா திரையைப் பார்த்தாள்.

"முதல் தளத்துலேருந்து நீ ஓடவே இல்லியே" என்றார் அவர். "காத்துக்கிட்டே கெடந்தேன். அந்தக் கோட்டிக்காரப் பயிற்சியாளனும் தொப்பியத் தொட்டானா?"

"ஓடினேன் அண்ணாச்சி."

"அவுட்டா?"

"இல்ல. எடுத்துட்டேன். அந்தச் சத்தம் அதுக்குத்தான்."

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"லிங்க ஆஃப் பண்ணிட்டேன். ஒங்க காலு போயிரக் கூடாதுன்னு."

அவர் தன் கால்களைப் பார்த்தார். பரீதா குனிந்து ஊசியால் பாதத்தில் குத்தினாள். பிறகு கணுக்காலில். பிறகு முழங்காலில். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயும் குத்து உறைக்கவில்லை.

"லிங்க் இல்லாமலா எடுத்த?"

"ஆமா."

"அப்ப எல்லாம் ஒன்கிட்டதான் இருக்கு."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய முழங்காலைத் தொடப் போய் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அவர் கேட்டார்:

"மண்ணு எப்படி இருந்துச்சு?"

"காஞ்சு கெடந்துச்சு அண்ணாச்சி."

"ரெண்டாந்தளம் பக்கத்துல கொஞ்சம் மேடா இருக்குமே, சரிபண்ணிட்டாங்களா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

"ம்" என்றார்.

மச்சாடோ கதவருகே வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாருக்கும் தெரியாது. "என்ன வே, எந்திரி, வீட்டுக்குப் போவோம்" என்றார். உள்ளே வந்து, நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை, வெளியே காத்திருந்த இசக்கித்துரையின் மகன் பிடித்தான். ஜெனிட்டா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். படி ஏறும்போது அவள் இரண்டு படிகளாகத் தாவினாள்; உணர்ந்து, ஒவ்வொன்றாக ஏறினாள்.

அக்டோபரில் லீக் அந்தப் பருவத்தின் முன்னணித் திருடர்களை அறிவித்தது. முதலிடம் ஜெனிட்டா, அறுபத்தொன்பது. கடைசித் திருட்டு நடந்தபோது இணைப்பு அணைந்திருந்ததால், அமர்வாளரின் உடல்நிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு முடிவு செய்தது. இசக்கித்துரையின் கால்கள் திரும்பவில்லை. அடுத்த பருவத்தில் ஜெனிட்டா பட்டை இல்லாமல் ஆடினாள்.